மத்தேயோ ரிச்சியும் சீனக் கலைச்சொற்களும்

மொழிபெயர்ப்பில் மிகக் கடினமான சொல் எது என மாணவர் நம்மிடம் வினவுவதுண்டு. கடவுளைக் குறிக்கும் சொல்லே என்போம். இத்தாலியின் மாசெராத்தாவில் 1552இல் பிறந்த இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சியின் சீனப் பணி அதற்குத் தக்க சான்றாகும்.

1582இல் மக்காவ் வந்தடைந்த ரிச்சி, அடுத்த ஆண்டே சீனத்தின் உள்ளே குடியேறினார். தொடக்கத்தில் பௌத்தத் துறவியரின் ஆடையை அணிந்தார். கற்றோரிடையே அக்கோலத்திற்கு மதிப்புக் குறைவு எனக் கண்டு, 1595இல் கன்பூசிய அறிஞரின் உடைக்கு மாறினார்.

ஆனால் கடவுளை எப்பெயரால் அழைப்பது? இலத்தீனச் சொல்லை ஒலிபெயர்த்தால் சீனர் செவிக்கு அது வெற்றோசை. 'வானத்தின் தலைவர்' எனப் பொருள்படும் 'தியன்சு' என்பதை ரிச்சி ஆண்டார். அதனோடு நில்லாமல், பழஞ்சீன நூல்களில் பயிலும் 'ஷாங்டி' என்பதும் அவரையே குறிக்கும் என 1603இல் அச்சான தம் உரையாடல் நூலில் வாதிட்டார். சீனர் முன்பே அறிந்திருந்து மறந்த கடவுளையே தாம் நினைவூட்டுவதாக அவர் கருதினார். துணிவான வாதந்தான், எனினும் தம் காலத்துக் கன்பூசியர் தந்த விளக்கங்களைப் புறந்தள்ளி, மூலநூல்களைத் தமக்கேற்பப் படித்தார் என்றே நாம் கொள்கிறோம். மதுரையில் அவர்தம் சபையினரான தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலி 'சருவேசுரன்' என்னும் சொல்லை ஆண்டதை இங்கு ஒப்புநோக்கலாம்.

கணிதத்தில் அவர் பெற்ற வெற்றி ஐயத்திற்கு இடமற்றது. ரிச்சி வாய்மொழியாக விளக்க, அறிஞர் சூ குவாங்சி எழுத்தில் வடிக்க, யூக்ளிட்டின் முதல் ஆறு பகுதிகள் 1607இல் சீனத்தில் வெளிவந்தன. வடிவியலைக் குறிக்கும் 'ஜிஹே' அந்நூல் தந்ததே. அதற்குமுன் அது 'எவ்வளவு' எனக் கேட்கும் எளிய வினாச்சொல். இணைகோடு, செங்கோணம் ஆகியவற்றிற்கு அந்நூல் ஆண்ட சொற்களையே நம் நாட்டுச் சீனப்பள்ளி மாணவர் இன்றும் பயில்கின்றனர்.

1610இல் ரிச்சி பெய்ஜிங்கில் மறைந்தார். அடக்கம் செய்யப் பேரரசர் வான்லி நிலமளித்தார். சொற்பூசலோ ஓயவில்லை. 1704இல் உரோமை 'ஷாங்டி'யை விலக்கித் 'தியன்சு'வை நிறுத்திக்கொண்டது. சடங்குகள் குறித்த தடையும் உடன்சேர, 1721இல் பேரரசர் காங்சி கிறித்தவப் போதனையைத் தடைசெய்தார். கத்தோலிக்கம் சீனத்தில் இன்றும் 'தியன்சு' சமயமே. பின்வந்த சீர்திருத்தச் சபையினர் 'ஷாங்டி', 'ஷென்' என இரு பிரிவாயினர்; அவர்தம் சீன விவிலியம் இன்றுவரை இருவகைப் பதிப்பாகவே அச்சாகிறது.