பிளஷ் துணியில் தையலும் மெத்தைப் போர்வையும்

தறியிலும் தையலிலும் தேர்ந்த கைகள்கூட வெல்வெட்டைத் தைக்க உட்கார்ந்தால் தடுமாறுவதைக் காண்கிறோம். குற்றம் கையினுடையதன்று. மற்றத் துணிகளுக்கு நீளம், அகலம் என்னும் இரு திசைகளே உண்டு. வெல்வெட்டுக்கும் அதன் இனமான பிளஷுக்கும் மேல்நோக்கி நிற்கும் மூன்றாவது திசை ஒன்றும் உண்டு. வெட்டும்போது அதை மறந்தவர்க்கு நஷ்டம் நிச்சயம்.

இதன் நெசவை நம் அங்கத்தினர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். தரைத் துணிக்கு ஒரு பாவும், மயிருக்கு வேறொரு பாவும் கட்டப்படும். மயிர்ப் பாவு, இடையிடையே செருகப்படும் கம்பிகளின்மேல் வளைந்து செல்லும். நுனியில் கூரிய அலகு கொண்ட கம்பியை உருவும்போது வளையங்கள் அறுந்து மயிராக நிமிர்ந்து நிற்கும். அறுக்காமல் விட்டால் வளையமாகவே நிற்கும். பூத்துவாலையில் நாம் காண்பது அத்தகைய வளையமே, ஆயினும் அது கம்பியின்றி, நெகிழ்ந்த பாவினால் உண்டாவது. ஆலைகளிலோ இரண்டு துணிகளை முகத்தோடு முகம் வைத்து ஒருங்கே நெய்து, நடுவே ஓடும் இழையைக் கத்தியால் அறுத்து இரண்டாகப் பிரிப்பர். மயிர் ஏறக்குறைய எட்டில் ஓர் அங்குலத்துக்கு மேற்படாதது வெல்வெட். அதனினும் நீண்டது பிளஷ் என்பது பொதுக் கணக்கு.

பிளஷைக் கொண்டு ஒரு சிறு தையல் வீடு எவ்வளவு வளர முடியும் என்பதற்கு ஜெர்மனியின் கீங்கன் ஊர் சான்று. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்த மார்கரேட்டே ஸ்டைஃப் என்னும் தையற்கார அம்மையார், 1880ஆம் ஆண்டில் குண்டூசி செருகி வைப்பதற்காகக் கம்பளி நமுதாவில் சிறு யானை ஒன்றைத் தைத்தார். அதைக் குழந்தைகள் விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டனர். 1902இல் அவருடைய சகோதரன் மகன் ரிச்சர்டு, கைகால் அசையும் கரடி பொம்மையை அங்கோரா ஆட்டு மயிர் பிளஷில் வடிவமைத்தார். அதற்கிட்ட எண்ணிலேயே பிளஷின் முதலெழுத்தும் இருந்தது. 1907ஆம் ஆண்டில் அவ்வீட்டிலிருந்து வெளிவந்த கரடிகள் ஒன்பது இலட்சத்துக்கும் மேல்.

இக்காலத்தில் மெத்தைப் போர்வைகளின் அடிப்புறத்துக்கு மிகுதியாகக் கேட்கப்படுவது 'மிங்கி' என்னும் பிளஷ். இது நெய்ததன்று, பின்னியது, பருத்தியன்று, பாலியெஸ்டர். பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கக் காரணமும் உண்டு, ஏனெனில் சலவையில் இது சிந்தும் நுண்ணிழைகள் மக்குவதில்லை. ஆயினும் மேற்புறத்துக்கு நம் கைத்தறிப் பருத்தியையும் அடிப்புறத்துக்கு மிங்கியையும் கேட்டு ஆர்டர் வரும்போது, மறுத்தால் பருத்தியின் விற்பனையும் சேர்ந்தே போகும். ஆகவே தைக்கக் கற்றுக்கொள்வதே மேல்.

முதலில் மயிரின் போக்கை அறிதல் வேண்டும். உள்ளங்கையால் தடவும்போது வழவழப்பாகச் செல்லும் திசை மயிர் படியும் திசை. எதிர்க்கும் திசை மயிர் எழும் திசை. மயிர் நுனிகளை எதிர்நோக்கிப் பார்த்தால் ஒளி உள்ளே அமிழ்ந்து நிறம் ஆழ்ந்து தோன்றும். படிந்த பக்கமாகப் பார்த்தால் ஒளி திரும்பி நிறம் வெளிறித் தோன்றும். எல்லாத் துண்டுகளின் பின்புறத்திலும் சாக்கினால் ஒரே திசையில் அம்புக்குறி இட்ட பின்னரே கத்தரியைத் தொடுக.

இந்தப் பாடத்தை நான் விலை கொடுத்து வாங்கியவன். சில ஆண்டுகளுக்கு முன் நான் கணக்குப் பார்த்து வந்த தையல் பிரிவு ஒன்றுக்கு நாற்பது போர்வைகளுக்கு ஆர்டர் வந்தது. துணியை மிச்சம் பிடிக்கும் ஆசையில் சதுரங்களை மாற்றி மாற்றித் தலைகீழாக வெட்டச் சொன்னேன். மேஜையின்மேல் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. வாங்க வந்தவர் ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டதும் சதுரங்கப் பலகைபோல் இரு நிறமாகக் காட்சி அளித்தது. நாற்பதும் திரும்பி வந்தன. மிச்சம் பிடித்த துணி மூன்று மீட்டர்! தைத்த பெண்களின் கூலியில் கை வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆனால் அவ்வாண்டு போனஸ் இல்லாமற் போயிற்று.

துணியை நான்கு மடிப்பாக அடுக்கி வெட்டும் வழக்கம் இங்கே உதவாது. மயிர்ப்புறம் கீழே இருக்க, ஒற்றை மடிப்பில் வெட்டுக. நீண்ட மயிராயின் கத்தரியின் நுனியால் அடித்துணியை மட்டும் அறுத்துச் செல்லுதல் நலம். வெட்டு வாயிலிருந்து உதிரும் துகளை உடனே ஈரத்துணியால் துடைக்காவிட்டால், பக்கத்துத் தறியிலுள்ள வெள்ளைப் பாவு வரை பறந்து போய் ஒட்டிக்கொள்ளும்.

தையலில் பெரிய தொல்லை வழுக்கல். இரண்டு மயிர்ப்புறங்கள் எதிரெதிரே சேர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்துவிடும். கீழேயுள்ள பற்கள் அடித்துணியை இழுக்க, மேலேயுள்ள பாதம் மேல்துணியைப் பின்னுக்குத் தள்ளும். முடிவில் ஒரு துணி அங்குலக்கணக்கில் நீண்டு நிற்கும். அங்குலத்துக்கு ஒரு குண்டூசி குத்துவதும், கையால் ஓட்டுத் தையல் இடுவதும் வீண் வேலையல்ல. பருத்தியோடு மிங்கியைச் சேர்க்கும்போது, இழுபடும் மிங்கி கீழே பற்களின்மேல் இருக்கட்டும். மேல்துணியையும் கூடவே நகர்த்தும் நடைபாதம் கிடைக்குமாயின் வாங்கிப் பொருத்துக, செலவு வீண்போகாது. பின்னல் துணிக்குரிய உருண்டை முனை ஊசியில் 14ஆம் எண் ஏற்றது. தையலின் நீளம் மூன்று அல்லது மூன்றரை மில்லிமீட்டர். ஓரம் அரை அங்குலம். தைத்து முடிந்ததும் தையலுக்குள் சிக்கிய மயிரை ஊசி நுனியால் வெளியே எடுத்துவிட்டால் தைத்த இடமே தெரியாது.

மேல்துணியான பருத்தியை முன்கூட்டியே நனைத்து உலர்த்துக. மிங்கி சுருங்காது, பருத்தி சுருங்கும். நனைக்காமல் தைத்த போர்வை முதற் சலவையிலேயே சுருக்கம் விழுந்து காட்சி தரும். அடிப்புறத்தைச் சுற்றிலும் நான்கு அங்குலம் பெரிதாக வெட்டி, இழுக்காமல் சமமாகப் பரப்புக. இழுத்துக் கட்டித் தைத்தால் பின்னர் அது தன் அளவுக்கே சுருங்கிப் பார்க்க விகாரமாகிவிடும். கனமான மிங்கியாயின் நடுவே பஞ்சுத் தகடு இல்லாமலே போதிய கதகதப்பு உண்டு.

இஸ்திரிப் பெட்டியை மிங்கியின்மேல் வைக்கலாகாது. மயிர் உருகி அழுந்தும், பிறகு எழாது. பட்டு, பருத்தி வெல்வெட்டுக்கு வேறொரு வெல்வெட் துண்டின்மேல் முகம் கவிழ்த்துப் பின்புறமிருந்து நீராவி காட்டலாம். பன்னிரண்டு மாதம் நிரம்பாத குழந்தையின் உறக்கத்தில் எந்த மெத்தென்ற போர்வையும் மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும். குழந்தைப் போர்வை விற்கும் சங்கங்கள் இதைச் சீட்டில் அச்சிடவே வேண்டும்.

விலை எழுதித் தருமுன் ஒரே ஒரு போர்வையை முழுமையாகத் தைத்து, ஊசி குத்திய நேரம் உட்படக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்க. சாதாரணப் பருத்திக்குரிய துண்டுக்கூலியில் பிளஷைத் தைக்கக் கொடுத்தால் நஷ்டத்தைச் சுமப்பவர் தைக்கும் அங்கத்தினரே. நாள் முடிவில் பாபின் கூட்டையும் பற்களின் இடுக்கையும் தூரிகையால் சுத்தம் செய்த பின்பே எண்ணெய் விடுக. துகளோடு எண்ணெய் சேர்ந்தால் நமுதாவைப்போல் இறுகி மறுநாள் இயந்திரம் ஓடாது.