சூரிய மின்தகடுகளுக்கான உற்பத்தியாளர் பொறுப்பு

சூரிய மின்தகடுகளுக்கான உற்பத்தியாளர் பொறுப்பு என்பது, உடைந்த அல்லது ஆயுள் முடிந்த சூரிய மின்தகடுகளைச் சேகரித்து, பாதுகாத்து, மறுசுழற்சிக்கு உட்படுத்தும் கடமையை அவற்றைத் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் மீது சுமத்தும் சட்ட ஏற்பாடு ஆகும். பொருள் விற்கப்பட்டதும் தயாரித்தவரின் கடமை தீர்ந்துவிடுவதில்லை என்பது இதன் அடிப்படைக் கருத்தாகும். இக்கருத்து 'நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' எனப்படும். 1990ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்குவிஸ்ட் இதனை முன்வைத்தார். இந்தியாவில் சூரிய மின்தகடுகள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022 மூலம் இதன்கீழ் கொண்டுவரப்பட்டன. 2011, 2016ஆம் ஆண்டுகளின் விதிகளில் இவை இடம்பெறவில்லை.

மறுசுழற்சியின் சிக்கல்

பரவலாகப் பயன்படும் சிலிக்கன் தகட்டின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கண்ணாடியாகும். நெகிழி 10 விழுக்காடும், அலுமினியம் 8 விழுக்காடும், சிலிக்கன் 5 விழுக்காடும், செம்பு 1 விழுக்காடும் உள்ளன. வெள்ளியும் ஈயமும் மிகச் சிறிய அளவிலேயே உள்ளன.

சுமார் 25 ஆண்டுகள் மழையும் ஈரமும் உட்புகாதிருக்க, மின்கலங்கள் கண்ணாடிக்கும் பின்தாளுக்கும் இடையே நெகிழிப் படலத்தால் இறுக ஒட்டப்படுகின்றன. தகட்டைக் காக்கும் இந்த ஒட்டே பின்னர் அதனைப் பிரிப்பதற்குத் தடையாகிறது. வெப்பம், வேதிப்பொருள் அல்லது இயந்திர வெட்டு மூலமே அடுக்குகளைப் பிரிக்க இயலும். இதற்கு ஆகும் செலவு, கிடைக்கும் பொருளின் விலையைவிடப் பெரும்பாலும் மிகுதியாகும்.

காஞ்சிபுரம் பட்டுச் சேலையுடன் ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். அசல் சரிகையில் வெள்ளி இருப்பதால் கிழிந்த பட்டுச் சேலையையும் விலை கொடுத்து வாங்குவோர் உள்ளனர். அங்கே மறுசுழற்சிக்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. வெள்ளியின் விலையே அதனைச் செய்துவிடுகிறது. சுமார் 20 கிலோ எடையுள்ள சூரிய மின்தகட்டில் இருப்பதோ சில கிராம் வெள்ளி மட்டுமே. எனவே பழைய இரும்புக் கடைக்குச் செல்லும் தகட்டிலிருந்து அலுமினியச் சட்டமும் செம்புக் கம்பியும் கழற்றப்படுகின்றன. எஞ்சிய கண்ணாடியும் நெகிழியும் ஈயம் கலந்த பற்றாசும் குப்பைக்குச் செல்லக்கூடும். சந்தை கைவிடும் இப்பகுதிக்காகவே சட்டம் தேவைப்படுகிறது.

இந்திய விதிகள்

2022 விதிகளின்படி, சூரிய மின்தகடு தயாரிப்போரும் இறக்குமதியாளரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையவாசலில் பதிவு செய்ய வேண்டும். தகடுகளின் இருப்பு விவரத்தைத் தனியாகப் பதிவிட்டு, ஆண்டறிக்கையும் அளிக்க வேண்டும். சேரும் தகட்டுக் கழிவை 2034-35 வரை வாரியத்தின் வழிகாட்டுதல்படி சேமித்து வைக்க வேண்டும்.

'சேமித்து வைத்தல்' என்பதே இவ்விதிகளில் கவனிக்க வேண்டிய சொல்லாகும். பிற மின்னணுக் கருவிகளுக்கு 2023-24இல் 60 விழுக்காட்டில் தொடங்கி 80 விழுக்காடு வரை உயரும் மறுசுழற்சி இலக்குகள் வகுக்கப்பட்டுள்ளன. சூரிய மின்தகடுகளுக்கு அத்தகைய இலக்கு வகுக்கப்படவில்லை. ஆனால் கழிவு 2035 வரை காத்திருக்கப் போவதில்லை. எரிசக்தி, சுற்றுச்சூழல், நீர் ஆய்வு மன்றம் 2024இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 2030க்குள் சுமார் 6 இலட்சம் டன் சூரியக் கழிவு சேரக்கூடும் எனக் கணித்தது. இதில் பெரும்பங்கு தரவுள்ள ஐந்து மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் நிலையத்தில் மட்டும் சுமார் 25 இலட்சம் தகடுகள் உள்ளன.

ஐரோப்பிய ஒன்றியம் 2012இலேயே சூரிய மின்தகடுகளை மின்னணுக் கழிவுச் சட்டத்தில் சேர்த்துவிட்டது. செருமனியில் வீடுகளுக்கு விற்கும் நிறுவனங்கள், தாம் திவாலானாலும் மறுசுழற்சிச் செலவு கிடைக்கும் வகையில் முன்கூட்டியே நிதி உத்தரவாதம் தர வேண்டும். தகட்டின் ஆயுளைவிட நிறுவனத்தின் ஆயுள் குறைவாக இருக்கக்கூடிய தொழிலில் இது முக்கியமான ஏற்பாடாகும். இந்திய விதிகளில் சூரிய மின்தகடுகளுக்கான பகுதி இத்தகைய உத்தரவாதத்தைக் கோரவில்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்தில்

பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம் மாவட்டம், தற்போது சூரிய மின்தகடு உற்பத்தி மையமாகவும் உள்ளது. ஒரகடத்தில் விக்ரம் சோலார் நிறுவனத்தின் ஆலை 2021இல் தொடங்கப்பட்டது. திருப்பெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் ஆண்டுக்கு 3.3 கிகாவாட் திறனுள்ள ஆலையை 2024 சனவரியில் திறந்தது. இங்கு தயாராகும் தகடுகள் சிலிக்கனுக்கு மாறாக காட்மியம் டெலுரைடால் ஆனவை. காட்மியம் நச்சுத்தன்மை உடையது; டெலுரியம் அரிதானது. இரண்டையும் மீட்பது நிறுவனத்துக்கே பயன் தருவதாகும். 2005 முதலே தன் தகடுகளுக்கு மறுசுழற்சித் திட்டம் வைத்துள்ள இந்நிறுவனம், இவ்வாலையிலும் மறுசுழற்சிப் பிரிவை அமைத்துள்ளது.

பெரிய சூரிய மின்நிலையங்களிலிருந்து இத்தகைய ஆலைகளுக்குத் தகடுகளைத் திருப்பி அனுப்புவது ஒப்பந்தம் மூலம் இயலக்கூடியதே. வீட்டுக் கூரைகளின் நிலை வேறு. 2024இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டுள்ளது. இவ்வீடுகளில் ஒவ்வொன்றிலும் சில தகடுகளே இருக்கும். காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவரின் கூரையில் உள்ள தகடு உடைந்தால், அதனைத் தயாரித்த ஆலை ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கலாம், அல்லது சீனாவில் இருக்கலாம். இரண்டு நிலையிலும் அவருக்கு மிக அருகில் இருப்பது தெருமுனையின் பழைய இரும்புக் கடைதான்.