முதலைத் தொடாமல் எழுந்த வைத்தியசாலை

பெரிய கட்டடம் ஒன்றைக் கட்டப் போகிறோம் என்றால் "கையில் எவ்வளவு இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்போம். கட்டிய பிறகு அதை நடத்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதை யாரும் கேட்பதில்லை. நோயாளரைப் பராமரித்து, ஆராய்ச்சியும் செய்யும் பல்கலைக்கழக வைத்தியசாலைக்கு இந்த இரண்டாவது கேள்விதான் உயிர். ஆராய்ச்சி உடனே வருமானம் தராது. ஏழை நோயாளியிடம் கட்டணம் அறவிடவும் முடியாது. இதை நன்கு விளங்கியிருந்தவர் ஒரு வியாபாரி.

அமெரிக்காவின் பல்டிமோர் நகரில் வாழ்ந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ், 17 வயதில் தந்தையின் சகோதரருடைய பலசரக்கு வியாபாரத்தில் சேர்ந்தவர். பிறகு தன் சகோதரர்களுடன் மொத்த வியாபாரம் செய்தார். பல்டிமோர் - ஒஹாயோ புகையிரதக் கம்பனியில் பெரும் பங்காளராகவும் ஆனார். 1873இல் அவர் மரணித்தபோது ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வைத்தியசாலைக்குமாக 70 இலட்சம் டொலரைச் சமபாதியாக எழுதி வைத்திருந்தார். வைத்தியசாலை பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இணைந்திருக்க வேண்டும், ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்ய வேண்டும் என்று நம்பிக்கைப் பொறுப்பாளர்களுக்குப் பணித்திருந்தார்.

இன்னுமொரு நிபந்தனையும் இருந்தது. முதலில் கைவைக்கக் கூடாது, அதிலிருந்து வரும் வருமானத்தைக் கொண்டே கட்ட வேண்டும். நமது வக்பு ஒழுங்கை ஒத்த ஏற்பாடு இது. இதனால் 1877இல் ஆரம்பித்த வேலை 1889 மே மாதம் வரை, 12 வருடங்கள் நீடித்தது. செலவு சுமார் 20 இலட்சம் டொலர். தாமதம்தான். ஆனால் கதவு திறந்த நாளில் கட்டடமும் இருந்தது, அதை நடத்தும் முதலும் குறையாமல் இருந்தது.

பல்கலைக்கழகத்தின் பாதிக்கோ வேறு கதி. அதன் பணம் பெரும்பாலும் அந்த ஒரே புகையிரதக் கம்பனியின் பங்குகளில் முடங்கியிருந்தது. 1880களின் பிற்பகுதியில் கம்பனி பங்குலாபம் கொடுப்பதை நிறுத்தியது. வைத்தியசாலை தயாராக நிற்க, மருத்துவ பீடத்தை ஆரம்பிக்கப் பணமில்லை. வைத்தியசாலையின் சொத்து நிலம், கட்டடம், வங்கிப் பங்குகள் என்று பரந்திருந்ததால் அது தப்பியது.

கடைசியில் கைகொடுத்தவர்கள் பெண்கள். தேவைப்பட்ட 5 இலட்சம் டொலரில் 3 இலட்சத்துக்கு மேல் மேரி கரட் என்ற பெண்மணி கொடுத்தார். அவர் அதே புகையிரதக் கம்பனியின் முன்னாள் தலைவருடைய மகள். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவரது நிபந்தனை. 1893இல் பீடம் திறந்தபோது முதல் வகுப்பின் 18 பேரில் மூவர் பெண்கள்.

கடை நடத்துபவன் என்ற வகையில் நான் இதில் இரண்டு கணக்குகளைக் காண்கிறேன். முதலை விழுங்கி எழும் கட்டடம் திறப்பு விழாவோடு இளைத்துவிடும். ஒரே இடத்தில் போட்ட முதல் ஒரே நாளில் வற்றிவிடும்.

வைத்தியசாலைக்கு வார்ட்டு கட்டவும் இயந்திரம் வாங்கவும் நம்மிடமும் உதவி கேட்டு வருகிறார்கள். தாராளமாகக் கொடுப்போம். கொடுக்கும்போது, அந்த இயந்திரத்தைத் திருத்தவும் அதை இயக்குபவருக்குச் சம்பளம் கொடுக்கவும் வருடா வருடம் என்ன வருமானம் இருக்கிறது என்றும் கேட்போம். பதில் இல்லையென்றால், நம் பங்கில் ஒரு பகுதியை வாடகை வரும் சொத்தாகக் கொடுப்பதே மேல்.