மூலம் நாடிய அறிஞர்கள்

அச்சுப்பொறி தோன்றுவதற்கு முன் ஐரோப்பாவில் நூல்கள் யாவும் கையால் எழுதப்பட்டே பரவின. ஒருவர் எழுதிய படியைப் பார்த்து மற்றொருவர் எழுதுவார். கண் அயர்ந்தால் ஒரு சொல் விடுபடும். ஓரத்தில் எவரோ எழுதிய குறிப்பு, அடுத்த படியில் மூலத்தோடு கலந்துவிடும். ஆயிரம் ஆண்டுகள் இவ்வாறு கடந்தபின், ஆசிரியர் எழுதியது யாது, எழுத்தர் சேர்த்தது யாது என்று எவ்வாறு அறிவது? மறுமலர்ச்சிக் காலத்து மொழியறிஞர்கள் இவ்வினாவை எழுப்பினர்.

அவர்களுள் முன்னோடி இத்தாலி நாட்டு லொரென்சோ வல்லா. உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேலைநாடுகளின் ஆட்சியைப் போப்பாண்டவருக்கு வழங்கியதாகக் கூறும் சாசனம் ஒன்று நெடுங்காலம் போற்றப்பட்டு வந்தது. 1440-இல் வல்லா அதன் இலத்தீன் நடையை ஆராய்ந்தார். அப்பேரரசர் காலத்தில் வழங்காத சொற்கள் அதில் இருந்தன. அது பிற்காலத்துப் புனைவு என்பதைச் சொற்களைக் கொண்டே நிறுவினார். மேலை ஐரோப்பா ஓதிவந்த விவிலியமும் இலத்தீன் மொழிபெயர்ப்பே. அதன் புதிய ஏற்பாட்டுப் பகுதியைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டு அவர் குறிப்புகள் எழுதிவைத்தார்.

அக்குறிப்புகள் 1504-இல், லூவேன் நகருக்கு அருகே துறவியர் மடமொன்றின் நூல்நிலையத்தில், ஒல்லாந்து நாட்டு எராஸ்மஸின் கைக்குக் கிட்டின. அடுத்த ஆண்டே அவற்றைப் பாரிசில் அச்சிட்டார். பின்னர்த் தாமே அப்பணியில் இறங்கினார். 1516-இல் அவர் பதிப்பித்த புதிய ஏற்பாடு, பேசல் நகரில் ஃபுரோபன் அச்சகத்தில் வெளிவந்தது. கிரேக்க மூலமும் திருத்திய இலத்தீன் மொழிபெயர்ப்பும் அதில் அருகருகே நின்றன.

விரைந்து செய்த பதிப்பு ஆதலின் குறைகளும் இருந்தன. இறுதி நூலான திருவெளிப்பாட்டிற்கு அவரிடம் இருந்தது ஒரே கிரேக்கச் சுவடி. அதிலும் கடைசி ஏடு இல்லை. என் செய்வார்? விடுபட்ட வரிகளை இலத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்தில் பெயர்த்து அமைத்தார். மூலத்தை நாடிச் சென்றவரே மூலத்தைப் புனைய நேர்ந்தது!

எனினும், அவர்மீது பெரும்பழி எழுந்தது வேறொன்றால். யோவானின் முதல் திருமுகத்தில் திரித்துவக் கொள்கையை வெளிப்படக் கூறும் பகுதியை அவர் சேர்க்கவில்லை. தாம் கண்ட கிரேக்கச் சுவடி எதிலும் அது இல்லை என்பது அவர் விடை. பின்னர், அப்பகுதியைக் கொண்ட சுவடி ஒன்று இங்கிலாந்தில் இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டது. 1522-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதனைச் சேர்த்தார். ஆயினும், அச்சுவடியைப் பற்றிய தம் ஐயத்தைக் குறிப்புரையில் மறையாது எழுதினார். அப்பகுதி பிற்சேர்க்கையே என்பது இக்கால அறிஞர் முடிபு.

உழவரும் நெசவாளரும் தொழில் செய்துகொண்டே மறைநூலை ஓதவேண்டும் என்பது எராஸ்மஸின் விருப்பம். லூத்தர் 1522-இல் செருமன் மொழியிலும், டின்டேல் 1526-இல் ஆங்கிலத்திலும் புதிய ஏற்பாட்டைப் பெயர்த்து வெளியிட்டபோது, அவர் பதிப்பையே மூலமாகக் கொண்டனர். 1536-இல் எராஸ்மஸ் பேசலில் நோயுற்று மறைந்தார். அதே ஆண்டில் டின்டேல், சமயப் பகைவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். அவர் உடல் எரிக்கப்பட்டது.