கிதாரும் ஆட்டத் தாளமும்

காரைக்குடி வட்டாரத்து அம்மன் கோயில் திருவிழாக்களில் கரகாட்டத்துக்கு வாசிக்கப்படும் நையாண்டி மேளத்தில், தவிலும் பம்பையும் ஆடுபவரின் காலடியைத் தாங்கி நிற்க, நாகசுரம் அதன்மேல் மெட்டை விரித்துச் செல்கிறது. ஆட்டத்துக்கான தாளமும் கேட்பதற்கான மெட்டும் ஒன்றையொன்று தூக்கிப் பிடிக்கும் இந்த அமைப்புக்குப் பழகிய செவிக்கு, மாற்று ராக்கையும் நடன இசையையும் இணைக்கும் இன்றைய குழுக்கள் அந்நியமானவை அல்ல.

மாற்று ராக் என்பது, பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்களின் வணிக வாய்பாட்டுக்கு வெளியே, சிறு நிறுவனங்களின் துணையோடு 1980களில் வலுப்பெற்ற கிதார் இசை. நடன இசை என்பது, ஒவ்வொரு நான்கடித் தாளச் சுற்றிலும் நான்கு அடிகளிலும் பெரிய டிரம் சீராக விழ, சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவி சிறு இசைத் துணுக்குகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் இசை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1980இல் உருவான நியூ ஆர்டர் குழு, 1983இல் வெளியிட்ட ‘புளூ மண்டே’ பாடலில் இயந்திர டிரம்மையும் பாஸ் கிதாரையும் ஒரே ஓட்டத்தில் இணைத்தபோது, இவ்விரு மரபுகளும் ஒன்றாக இயங்க முடியும் என்பது உலகுக்குத் தெளிவாயிற்று.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு, 2012இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘தி எஃப்16ஸ்’ என்னும் குழு. ஆங்கிலத்தில் பாடும் இக்குழு, 2016இல் ‘டிரிகர்புங்க்டே’ என்ற தொகுப்பை வெளியிட்டது. இவர்களின் பாடல்களைக் கேட்கத் தொடங்குவோர் முதலில் குரலை விட்டுவிட்டு, பாஸ் கிதாரும் டிரம்மும் சேரும் இடத்தைக் கவனித்தால், அந்த அடித்தளத்தின் மேல் கிதாரும் கீபோர்டும் மாறி மாறி இடம் பிடிக்கும் முறை விளங்கும்.

ஆட்ட இசையை இம்மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்ட குழு ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய இக்குழு, 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முறையாக மேடையேறி, கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒன்றிணைத்துச் சாதிக்கு எதிரான குரலை எழுப்பியது. டோலக்கும் சட்டியும் பறையும் கிதாரின் பக்கவாத்தியமாகச் சுருங்காமல் அதற்கு இணையாக ஒலிப்பதே இவர்களது இசையின் சிறப்பு.

திரைப்பாடல்களையே பெரிதும் ஒலிபரப்பும் வானொலியில் இத்தகைய குழுக்கள் தாமாக வந்து செவியில் விழுவது அரிது என்பதால், தேடலுக்கு ஒரு முறை வேண்டும். பாடலின் பெயரோடு நின்றுவிடாமல், அதில் வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர், வெளியிட்ட நிறுவனம் ஆகிய விவரங்களைப் படித்து அப்பெயர்களைப் பின்தொடர்வதே அம்முறை. தென்மாவின் பெயரைத் தொடர்ந்து செல்பவர் ‘குரங்கன்’ குழுவைச் சென்றடைவார். கேட்பவர் கலைஞரிடமிருந்து நேரடியாகவே பாடலை வாங்க வழிசெய்யும் பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில், ஒரு நிறுவனத்தின் பிற வெளியீடுகளையும் வரிசையாகக் கேட்கலாம்.

எனினும், ஆட வைக்கும் இசை நேரில் கேட்கும்போதே முழுமை பெறுகிறது. அழகப்பா பல்கலைக்கழகமும் பல கல்லூரிகளும் அமைந்த காரைக்குடியில், கலைவிழா மேடைகளில் நையாண்டி மேளக் கலைஞர்களையும் இத்தகைய இளம் குழுக்களையும் ஒருசேர அழைத்து, இரு தரப்பினருக்கும் உரிய ஊதியம் வழங்கினால், சென்னையில் உருவாகும் இசையைச் செட்டிநாடு கேட்பதோடு நில்லாமல், தன் தாளங்களைக் கொண்டு அடுத்த குழுவைத் தானே உருவாக்கவும் முடியும்.