கடல் கடந்து வரும் கைபேசியின் பூட்டு

சென்ற தீபாவளிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த என் மகன், தான் இரண்டு வருடம் உபயோகித்த கைபேசியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் விமானம் ஏறிய மறுநாள் என் சிம் கார்டைப் போட்டுப் பார்த்தேன். இந்த சிம் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. டோம்பிவிலி கடைத்தெருவில் ஒருவர், "இரண்டாயிரம் கொடுங்கள், ஒரு மணி நேரத்தில் திறந்து தருகிறேன்" என்றார். நல்ல வேளை, கொடுக்கவில்லை. நம் சங்கத்தில் பல வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால், நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இந்தியாவில் வாங்கும் கைபேசிகள் பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்கும். அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனங்களே கைபேசியைத் தவணைக்கு விற்கின்றன. பணம் வரும்வரை வாடிக்கையாளர் வேறிடம் போகாதிருக்க, கருவிக்குள் பூட்டுப் போடுகிறார்கள். சிம் கார்டில் நம் தொலைபேசி எண் தவிர இன்னொரு எண் பதிந்திருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். நம் நாட்டு சிம் என்றால் 404 அல்லது 405. அடுத்தவை நிறுவனத்தைக் குறிக்கும். கைபேசி அதைப் படித்துப் பார்க்கும்; தன் நிறுவனம் இல்லையென்றால் கைகாட்டி இறங்காது!

இந்தப் பூட்டின் சாவி, அதைப் போட்ட நிறுவனத்திடம்தான் இருக்கிறது. நிறுவனத்தின் அனுமதியின்றியும் வாடிக்கையாளர் பூட்டைத் திறந்துகொள்ள வழிசெய்யும் சட்டம் அமெரிக்காவில் 2014 ஆகஸ்டில் வந்தது. ஆனாலும் நல்ல வழி, பாக்கியைத் தீர்த்துவிட்டு நிறுவனத்தையே கேட்பதுதான். என் மகன் அங்கிருந்தே விண்ணப்பித்தான். இரண்டே நாளில் திறந்துவிட்டார்கள். செலவு ஒரு பைசா இல்லை. கனடாவில் 2017 டிசம்பர் முதலும், பிரிட்டனில் 2021 டிசம்பர் முதலும் பூட்டிய கைபேசி விற்கவே கூடாது என்பது விதி.

என் பக்கத்து வீட்டு நண்பர் கடைக்காரரிடமே கொடுத்தார். கைபேசி வேலை செய்தது. சில நாள் கழித்து *#06# என்று அழுத்திப் பார்த்தால், பெட்டியில் அச்சிட்ட ஐ.எம்.இ.ஐ. எண் ஒன்று, திரையில் தெரிந்தது வேறொன்று! இந்த 15 இலக்க எண், ரயில் பெட்டியின் எண்ணைப் போல, கருவியின் அடையாளம். இதை மாற்றுவது 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இரண்டாயிரம் ரூபாயோடு நண்பருக்குத் தூக்கமும் போயிற்று.

பூட்டுத் திறந்தால் மட்டும் போதாது. மீட்டர் கேஜ் வண்டிக்கு எத்தனை அனுமதி கொடுத்தாலும் அது பிராட் கேஜ் பாதையில் ஓடாது. அதுபோல, வட அமெரிக்காவுக்கென்று செய்த சில கருவிகளில் இங்கே 4ஜிக்குப் பயன்படும் 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகள் இல்லாதிருக்கலாம். மாடல் எண்ணை வைத்து இதை முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆகவே பிள்ளைகள் கைபேசி கொண்டு வருகிறேன் என்றால், புறப்படும் முன்பே இவற்றைச் செய்யச் சொல்லுங்கள்:

1. தவணை பாக்கியைத் தீர்த்து, பூட்டைத் திறக்க விண்ணப்பிக்கவும்.

2. வேறு நிறுவன சிம்மைப் போட்டுச் சோதிக்கவும். ஐபோனில் 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'அபௌட்' என்று போனால், 'கேரியர் லாக்' என்ற இடத்தில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்றிருக்க வேண்டும்.

3. தம் சொந்தக் கணக்கிலிருந்து வெளியேறவும். இது வேறு பூட்டு. இதையும் அவர்களால்தான் எளிதில் திறக்க முடியும்.

இங்கே பழைய கைபேசி வாங்குவோர், கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், இடைவெளி விட்டு ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் கருவியின் விவரம் வரும்.

நம் பிள்ளைகள் ஆசையோடு கொடுப்பது, நமக்கு வம்பாக முடியக்கூடாது. கடைக்காரரைத் தேடுமுன் மகனையோ மகளையோ ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தச் சாக்கிலாவது இரண்டு நிமிடம் கூடப் பேசுவார்கள்!