அறியப்படாத பெருவெளி: ஒரு விண்வெளி விளையாட்டும் ஊவா மலைநிலமும்

ஐஸ்லாந்து நிறுவனமொன்று 2003ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஈவ் ஒன்லைன்' என்னும் இணையவழி விளையாட்டு, பல்லாயிரவர் ஒரே விண்வெளியிற் சந்திக்கும் கற்பனை உலகாகும். 2009 மார்ச்சில் ஏறத்தாழ 2,500 புதிய விண்மீன் தொகுதிகள் அதிற் சேர்க்கப்பட்டன. இவற்றுக்கு நிலையான வாயில்கள் இல்லை. தோன்றி மறையும் துளைவழிகளூடாகவே செல்லவேண்டும். சென்ற வழி மூடிக்கொண்டால் வேறு வழி தேடியே மீளவேண்டும். அங்கு இருப்போர் யாவர் எனக் காட்டும் பெயர்ப்பட்டியலும் இல்லை. இத்துணை ஆபத்திருந்தும் ஆடுவோரை ஈர்ப்பது அங்குள்ள வளமே.

இதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குதல் எளிது. ஆயின், கலை இலக்கியங்களைப் போன்றே விளையாட்டும் ஒரு சமூக நோக்கினைத் தாங்கி நிற்பதாகும். வளமிக்க, உரிமையாளரற்ற, அறியப்படாத நிலம் என்னும் படிமம் எவ்வரலாற்றிலிருந்து பிறந்தது? அந்நிலம் யாருக்கு அறியப்படாதது? இவ்வினாக்களுக்கு விடைகாண நாம் பதுளைக்கு அப்பாற் செல்லவேண்டியதில்லை.

1817–18இல் ஊவா வெல்லசையில் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது ஊர்களும் வயல்களும் அழிக்கப்பட்டன. பின்னர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மாறாக நிறுவப்படும்வரை காடும் தரிசும் முடிக்குரியனவே எனக் கொண்டது. தோட்ட முதலாளிகள் விலைக்கு வாங்கிய 'வெறுநிலம்' இவ்வாறு உருவானதே. அது கண்டுபிடிக்கப்பட்டதன்று, ஆக்கப்பட்டது.

உண்மையில் அறியாத நிலத்தினுள் நுழைந்தோர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரே. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, கங்காணியின் பின்னே காட்டுவழியாக மாத்தளை நோக்கி அவர்கள் நடந்தனர். பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924இலேயே. வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் பலர். விளையாட்டில் வீரன் மடிந்தால் கப்பலும் சரக்குமே இழப்பு. அவன் மாற்றுடலில் விழித்தெழுவான். தோட்ட முதலாளியின் கணக்கேட்டிலும் மடிந்த கூலிக்கு மாற்று இன்னொரு கூலியே. ஆயின், மடிந்தவர் மீளவில்லை. காட்டை வெட்டித் தேயிலையை நட்டவர்களின் வழித்தோன்றல்களை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அறியாமையே ஆபத்தின் மூலம் என்பது தேடற்கதைகளின் அடிப்படை. எனவே, வரைபடம் தீட்டப்பட்டால் ஆபத்து நீங்கும் என அவை கொள்ளும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயன்களை மூடியமை இதனை மறுக்கிறது. அச்சரிவு அறியப்படாததன்று, 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அதுபற்றி எச்சரித்திருந்தது. ஆயின், லயன் நின்ற நிலமும் அதனைச் சூழ்ந்த நிலமும் அங்கு வாழ்ந்தோருக்குச் சொந்தமானவையல்ல. ஆபத்தை அறிந்தாலும், பெயர்ந்து சென்று வீடமைக்க அவர்களுக்கு நிலமிருக்கவில்லை.

விளையாட்டில் ஆடுவோன் தானே விரும்பி ஆபத்தினுள் நுழைகிறான், விரும்பியபோது விலகுகிறான். மலையகத் தொழிலாளிக்கு இவ்விரு தெரிவுகளும் இருந்ததில்லை. ஆகவே, மலையகத்தின் இன்றைய தேவை புதிய வரைபடங்கள் மட்டுமன்று. அவ்வரைபடத்தில் ஒரு துண்டு நிலத்தைத் தனதெனக் கூறும் உரிமையுமாகும். அவ்வுரிமை கிட்டாதவரை அறிவு எச்சரிக்கும், உயிரைக் காவாது.